கைமுதலும் கப்பலும்

1984ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளிவந்த ‘எலைட்’ என்னும் கணினி விளையாட்டில், சிக்கனப் பாடமொன்றை நாம் காண்கிறோம். ஆடுபவருக்கு ஒரு விண்கப்பலும் 100 கிரெடிட் கைமுதலும் அளிக்கப்படுகின்றன. வேளாண்மைக் கோளில் உணவுப்பொருளை மலிவாக வாங்கித் தொழில் கோளில் விற்றால் இலாபம் சேரும். 400 கிரெடிட் செலுத்தினால், 20 டன் கொள்ளும் சரக்கறையை 35 டன் கொள்ளுமாறு விரிவாக்கலாம்.

ஆனால் அத்தொகை சேர்ந்த அன்றே முழுவதையும் செலவிட்டால் நேர்வது யாது? அறை பெரிது, நிரப்பச் சரக்கில்லை, எரிபொருளுக்கும் பணமில்லை. கப்பல் துறையிலேயே முடங்கும். நூலுக்குப் பணம் வையாது இரண்டாம் தறி வாங்கியவர் நிலையும் இதுவே.

ஆகவே, சரக்குக்கும் எரிபொருளுக்கும் வேண்டிய நடைமுறை மூலதனத்தை முதற்கண் ஒதுக்குவோம். அதற்கு மேல் எஞ்சும் இலாபத்தைக் கொண்டே கருவிகளைப் பெருக்குவோமாக!