கூடைப்பந்து வீரர் பில் ரசல்

விளையாட்டுக் களத்தில் வெற்றி பெறுவோர் பலர். அவ்வெற்றியினால் புகழ் எய்துவோரும் பலர். ஆயின், தம்மைப் புகழும் மக்களிடத்திலேயே குறை கண்டவிடத்து, அப்புகழை இழக்க நேரினும் அஞ்சாது அக்குறையை எடுத்துரைப்போர் மிகச் சிலரே ஆவர். அத்தகையோர் வாழுங்காலத்தில் செருக்குடையோர் என்று தூற்றப்படுவர். காலம் சென்றபின் அவர்தம் சொல்லின் உண்மை விளங்கும்போது, தூற்றிய நகரமே அவர்க்குச் சிலை எடுக்கும். அமெரிக்க நாட்டின் கூடைப்பந்து வீரர் பில் ரசலின் வாழ்க்கை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு ஆகும்.

இளமைப் பருவம்

வில்லியம் ரசல் என்னும் இயற்பெயருடைய இவர், 1934 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12 ஆம் நாள், லூயிசியானா மாநிலத்தைச் சேர்ந்த மன்ரோ என்னும் ஊரில் பிறந்தார். அக்காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் பள்ளியிலும் உணவு விடுதியிலும் ஊர்தியிலும் வெள்ளையரினின்று பிரித்து வைக்கப்பட்டிருந்தனர். ஒருநாள் ரசலின் தந்தையார் தம் வண்டிக்கு எரிநெய் வாங்கச் சென்றார். வெள்ளையர் அனைவர்க்கும் கொடுத்து முடியும் வரை அவரைக் கவனிப்பார் இல்லை. பொறுத்துப் பார்த்த அவர் புறப்பட முற்பட்டபோது, கடைக்காரன் துப்பாக்கியை நீட்டி, தான் சொல்லும் வரை காத்திருக்குமாறு அச்சுறுத்தினான். மற்றொரு நாள், நன்கு உடுத்துச் சென்ற அன்னையாரைக் காவலர் ஒருவர் தடுத்து, வெள்ளை மாதரைப்போல் உடுத்தலாகாது என்று கடிந்து திருப்பி அனுப்பினார். கண்ணீருடன் வீடு திரும்பிய தாயின் முகம் சிறுவன் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

இவ்விழிவுகளைப் பொறாத அக்குடும்பம் கலிபோர்னியா மாநிலத்து ஓக்லந்து நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு ஒருநாள் தெருவில் ஓடிய சிறுவர் ஐவருள் ஒருவன் ரசலைக் கன்னத்தில் அறைந்து சென்றான். அன்னையார் மகனை அழைத்துச் சென்று, அவ்வைவரோடும் ஒருவர்பின் ஒருவராகப் பொருதுமாறு பணித்தார். சில சண்டைகளில் அவன் வென்றான், சிலவற்றில் தோற்றான். அழுதுகொண்டு நின்ற மகனை நோக்கி, வெற்றி தோல்வி பெரிதன்று, தனக்காகத் தான் நின்றதே பெரிது என்று அவ்வன்னையார் தேற்றினார். பிற்காலத்தில் ரசல் எத்துணையோ அறிவுரைகளைக் கேட்டார். ஆயினும் இதனைப்போல் அவர் வாழ்வை நடத்தியது பிறிதொன்று இல்லை.

ரசல் 12 வயதை எய்தியபோது அத்தாயார் மறைந்தார். தந்தையார் கடின உழைப்பால் இரு புதல்வரையும் வளர்த்தார். தாயற்ற துயரில் தனித்திருந்த ரசலுக்கு நகரப் பொது நூலகமே உற்ற துணையாயிற்று. அடிமையாய் இருந்து, ஹெயிட்டி நாட்டின் அரசராகவே உயர்ந்த கிறிஸ்தோப் என்பவரின் வரலாற்றை அவர் அங்கே படித்தார். தம் இனத்தாருள்ளும் அரசர் இருந்தனர் என்னும் செய்தி அவர்க்குப் புதியதொரு பெருமிதத்தை அளித்தது.

பள்ளியும் பல்கலைக்கழகமும்

பிறவியிலேயே பெருந்திறன் பெற்றவர் ரசல் என்று எண்ணுவோர் அவரது பள்ளி வரலாற்றை அறியாதோரே ஆவர். மக்கிளைமண்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியின் இளையோர் குழுவில் அவர் கடைசி இடத்தையே பெற்றார். குழுவில் இருந்தோர் 16 பேர், சட்டைகளோ 15. ஆகவே கடைசிச் சட்டையை ரசலும் மற்றொரு மாணவனும் மாறி மாறி அணிய வேண்டியதாயிற்று. பயிற்சியாளர் ஜார்ஜ் பவுல்ஸ் என்பவர் மட்டும் அவரிடம் நம்பிக்கை இழந்தாரல்லர். ஒரு சட்டையில் பாதி உரிமை பெற்றிருந்த அம்மாணவரின் சட்டை எண்ணை, பின்னாளில் நாடு முழுதும் வேறு எவர்க்கும் வழங்காமல் நிறுத்தி வைத்தனர் என்பது எண்ணத்தக்கது.

பள்ளிப் படிப்பு முடிந்தபோது அவரைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் ஒன்றே. அதற்கோ அந்நாளில் சொந்தமாக ஓர் ஆடுகளமும் இல்லை. அங்கு கே. சி. ஜோன்ஸ் என்பவர் ரசலுடன் ஒரே அறையில் தங்கிப் பயின்றார். பந்து எந்தக் கோணத்தில் எறியப்பட்டால் எப்பக்கம் மீளும், எதிரி எவ்விடத்தினின்று எறிய விரும்புவான் என்பவற்றை நண்பர் இருவரும் கணக்குப் பாடம் பயில்வார்போல் இரவும் பகலும் ஆராய்ந்தனர். அதன் பயனாக 1955, 1956 ஆகிய ஈராண்டுகளிலும் அப்பல்கலைக்கழகம் அமெரிக்கக் கல்லூரிகளுள் முதன்மை பெற்றது. 1956 ஆம் ஆண்டின் இறுதியில் மெல்போர்ன் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக்குப் போட்டியில் அமெரிக்கக் குழு தங்கப்பதக்கம் பெற்றதும் ரசல் துணையினாலேயே. இறுதி ஆட்டத்தில் சோவியத்துக் குழுவை அது 89க்கு 55 என்னும் கணக்கில் வென்றது.

ஆட்டத் திறன்

கூடைப்பந்தில் பந்தைக் கூடையில் இடுவோரையே மக்கள் பெரிதும் போற்றுவர். எதிரியின் பந்தைத் தடுப்பதும் ஒரு கலை என்பதனை உலகுக்கு உணர்த்தியவர் ரசல். ஏறத்தாழ 6 அடி 10 அங்குல உயரமுடைய அவர், எதிரி எறியும் பந்தை வானிலேயே மறிப்பார். பிறர் அவ்வாறு மறிக்கும்போது பந்தை ஓங்கி அடித்துக் களத்திற்கு வெளியே தள்ளுவர், காண்போர் கைதட்டுவர், ஆனால் பந்து மீண்டும் எதிரிக்கே சேரும். ரசலோ பந்தை மெல்லத் தட்டி, களத்திற்குள்ளேயே தம் தோழர் கையில் விழச் செய்வார். கைதட்டல் குறைவு, பயனோ இரு மடங்கு. எதிரியின் எறி வீணாவதோடு, அந்நொடியே தம் குழுவின் தாக்குதலும் தொடங்கிவிடும்.

கூடையில் விழாமல் மீண்டு வரும் பந்தைக் கைப்பற்றுவதிலும் அவர்க்கு இணையாவார் அரியர். தொழில்முறை ஆட்டங்களில் அவர் அவ்வாறு கைப்பற்றிய பந்துகள் 21,620. கல்லூரியில் அவர் ஆடியபோது கூடையின் அருகே எவரும் அவரை மேற்கொள்ள இயலாமையால், கூடைக்கு முன்னுள்ள கட்டத்தின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கி விதியையே மாற்றினர்.

வெற்றி மேல் வெற்றி

ஒலிம்பிக்கிலிருந்து மீண்ட ரசல், 1956 டிசம்பரில் பாஸ்டன் நகரின் செல்ட்டிக்ஸ் குழுவிற் சேர்ந்தார். அதன் பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக் என்பவர், தடுப்பாட்டத்தின் அருமையை நன்குணர்ந்தவர். அதுகாறும் ஒருமுறையேனும் தலைமைப் பட்டம் பெறாத அக்குழு, 1957 ஆம் ஆண்டில் செயின்ட் லூயிஸ் குழுவை இறுதியில் வென்று முதற்பட்டம் பெற்றது. பின்னர் 1959 முதல் 1966 வரை இடையறாது எட்டு ஆண்டுகள் பட்டம் அதற்கே உரியதாயிற்று. ரசல் ஆடிய ஆண்டுகள் 13; அவற்றுள் குழு பெற்ற பட்டங்கள் 11. ஆண்டின் தலைசிறந்த வீரர் என்னும் விருது ஐந்து முறை அவரை அடைந்தது.

இத்துணை வெற்றி பெற்றவர்க்கும் ஆட்டத்தின்முன் அச்சம் இருந்தது. முதன்மையான ஆட்டங்களுக்குமுன் மனக்கலக்கத்தால் அவர் வாந்தி எடுப்பது வழக்கம். அவ்வோசையைக் கேட்ட தோழர்கள், இன்று வெற்றி உறுதி என்று மகிழ்வராம். அஞ்சாமை என்பது அச்சமே இல்லாமை அன்று. அச்சத்தோடும் கடமையில் இறங்குவதே ஆகும்.

களத்திற்கு வெளியே

ரசலின் ஆட்டத்தை வியந்த மக்கள் அவரது பேச்சை விரும்பவில்லை. 1961 அக்டோபரில் காட்சி ஆட்டம் ஒன்றிற்காகச் செல்ட்டிக்ஸ் குழுவினர் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகருக்குச் சென்றனர். அங்கே விடுதியின் சிற்றுண்டிச் சாலையில் கறுப்பின வீரர் இருவர்க்கு உணவு தர மறுத்தனர். உண்ண இடம் தராத ஊரில் ஆடிக் காட்டி மகிழ்விக்க வேண்டுவதில்லை என்று ரசலும் தோழர்களும் ஆட்டத்தைத் துறந்து ஊர் திரும்பினர். 1963 ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பினத் தலைவர் மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தமையனார் அழைப்பை ஏற்று, கொலை அச்சுறுத்தலையும் பொருட்படுத்தாது ரசல் அம்மாநிலத்தின் ஜாக்சன் நகருக்குச் சென்று, இரு இனச் சிறுவர்க்கும் ஒருங்கே பயிற்சி அளித்தார்.

வட மாநிலமாகிய மாசசூசெட்சும் குறையற்றதாக இல்லை. பாஸ்டனுக்கு அருகே ரெடிங் என்னும் ஊரில் வாழ்ந்த ரசலின் வீட்டினுள் தீயோர் சிலர் புகுந்து, அவர் பெற்ற பரிசுப் பொருள்களை உடைத்தனர். சுவர்களில் இழிசொற்களை எழுதிச் சென்றனர். அதே ஊரில் வேறொரு பகுதிக்குக் குடியேற அவர் விரும்பியபோது, அவர் வரலாகாது என்று அண்டை வீட்டார் விண்ணப்பம் எழுதினர். அரங்கில் கைதட்டிய நகரம் தெருவில் கதவடைத்தது. தாம் ஆடுவது செல்ட்டிக்ஸ் குழுவிற்காகவே அன்றிப் பாஸ்டன் நகருக்காக அன்று என்று ரசல் வெளிப்படையாகக் கூறினார்.

இதனோடு மற்றொரு பிணக்கும் சேர்ந்தது. தம்மை நாடி வருவோர்க்குக் கையெழுத்து இட்டுத் தருவதை அவர் அறவே நிறுத்தினார். தாளில் எழுதிய பெயரைக் காட்டிலும் இரண்டு சொல் பேசிக் கைகுலுக்குவதே மேல் என்பது அவர் கருத்து. அக்கருத்தில் பொருள் உண்டு. ஆயினும், ஆவலோடு நீட்டிய தாளுடன் வாடிய முகமாய்த் திரும்பிய சிறுவர்கள் யாது தவறு செய்தனர்? கொள்கையுறுதி சிற்சில வேளைகளில் குற்றமற்றோரையும் புண்படுத்தும் என்பதற்கு இதுவே சான்று. செருக்குடையவர், நன்றியில்லாதவர் என்று பலர் அவரை ஏசினர்.

தலைமையும் பிழையும்

1966 ஆம் ஆண்டில் ஆவர்பாக் பயிற்சிப் பொறுப்பினின்று விலகி, அதனை ரசலிடமே ஒப்படைத்தார். தேசியக் கூடைப்பந்துக் கழகத்தின் குழுக்களுள் ஒன்றிற்குத் தலைமைப் பயிற்சியாளரான முதற் கறுப்பினத்தவர் அவரே. முதலாண்டில் பட்டம் கைநழுவியது. 1968 இல் மீண்டும் கிட்டியது.

1969 ஆம் ஆண்டில் மூப்பெய்திய அக்குழு, தன் பிரிவில் நான்காம் இடமே பெற்றது. எனினும் இறுதிப் போட்டி வரை முன்னேறி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் லேக்கர்ஸ் குழுவை எதிர்த்தது. ஏழாவது ஆட்டம் அந்நகரிலேயே நடந்தது. தம் வெற்றியை உறுதியென எண்ணிய அவ்வூரார், விழாக் கொண்டாட அரங்கின் கூரையில் வண்ணப் பலூன்களை வலையிற் கட்டித் தொங்கவிட்டிருந்தனர். செல்ட்டிக்ஸ் குழு 108க்கு 106 என்று வென்றது. பலூன்கள் கட்டியவாறே நின்றன.

அவ்வாட்டத்தில் எதிர்க்குழுவின் பெருவீரர் வில்ட் சேம்பர்லேன், முழங்காலில் அடிபட்டு இறுதி வேளையில் வெளியேறினார். களத்தில் எதிரிகளாயினும் இருவரும் நெடுநாள் நண்பர். ஒருவர் வீட்டில் மற்றவர் விருந்துண்டவர். அங்ஙனமிருந்தும், சேம்பர்லேன் களத்தை விட்டு அகன்றிருத்தல் ஆகாது என்று ரசல் பின்னர்ப் பலரறியப் பழித்தார். நட்பு முறிந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் இருவரும் பேசிலர். பிறர் தம்மை ஆராயாது பழித்ததற்கு வருந்திய ரசல், தாமும் நண்பரை ஆராயாது பழித்தார். முடிவில் தம் தவற்றை உணர்ந்து மன்னிப்பு வேண்டினார். நட்பு மீண்டும் தளிர்த்தது.

காலம் தந்த தீர்ப்பு

1969 ஆம் ஆண்டு வெற்றியோடு ரசல் ஆட்டத்தினின்று ஓய்வு பெற்றுப் பாஸ்டனை விட்டு நீங்கினார். 1972 இல் அவர் அணிந்த 6 ஆம் எண்ணை இனி எவர்க்கும் வழங்குவதில்லை என்று குழுவினர் விழா எடுத்தபோது, மக்கள் அரங்கினுள் வருமுன், தோழர் சிலர் முன்னிலையிலேயே அதனை நடத்துமாறு அவர் வேண்டினார். 1975 இல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டபோதும் விழாவுக்குச் செல்லவில்லை. இதனையும் பலர் செருக்கென்றே கருதினர்.

ஆண்டுகள் கழிந்தன, நகரமும் மாறியது, அவரும் மாறினார். 1999 மே மாதத்தில் பாஸ்டனில் மக்கள் நிறைந்த பேரரங்கில் அவருக்கு மீண்டும் விழா நடந்தது. மக்கள் எழுந்து நின்று நெடுநேரம் ஆரவாரித்தனர். அவ்விழாவிற்கு வந்து வாழ்த்தியோருள் சேம்பர்லேனும் ஒருவர். சில திங்களில் சேம்பர்லேன் மறைந்தார். காலம் தாழாது மன்னிப்பு வேண்டியதன் அருமை அப்போது விளங்கியது. 2011 இல் குடியரசுத் தலைவர் ஒபாமா நாட்டின் உயரிய விருதை ரசலுக்கு அணிவித்தார். 2013 இல் பாஸ்டன் நகர மன்றத்தின் முன்றிலில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது.

புகழ் மண்டபத்தின் மோதிரத்தை அவர் 2019 இல்தான் ஏற்றார். அப்போதே அவரது நெடுநாள் மறுப்பின் காரணம் விளங்கியது. தமக்கு முன்னே ஆடி வழிவகுத்த கறுப்பின வீரர் சிறப்பிக்கப்படாதிருக்கத் தாம் முதலில் அதனைப் பெறுதல் முறையன்று என்று அவர் கருதியிருந்தார். 1950 இல் தொழில்முறைக் குழுவிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற் கறுப்பின வீரராகிய சக் கூப்பர் 2019 இல் அம்மண்டபத்தில் இடம் பெற்றார். அதன் பின்னரே ரசல் மோதிரத்தை ஏற்றுக்கொண்டார். செருக்கென்று உலகம் கருதியது பணிவாகவே இருந்தது.

2022 ஜூலை 31 ஆம் நாள் தமது 88 ஆம் வயதில் பில் ரசல் இயற்கை எய்தினார். அடுத்த திங்களிலேயே, இனி எக்குழுவிலும் எந்தப் புதிய வீரர்க்கும் 6 ஆம் எண் வழங்கப்படாது என்று தேசியக் கூடைப்பந்துக் கழகம் அறிவித்தது.

ஒருவரது திறமையைக் கண்டு கைதட்டுவது எளிது; அவர் உரைக்கும் கசப்பான உண்மைக்குச் செவி சாய்ப்பது அரிது. அதுபோலவே, பிறர் குறையை எடுத்துரைப்பது எளிது; தம் பிழையை ஒப்புக்கொள்வது அரிது. அரியனவாகிய இவ்விரண்டில், முன்னதனைப் பாஸ்டன் நகரம் காலம் தாழ்த்துக் கற்றது. பின்னதனை ரசலும் காலம் தாழ்த்தே கற்றார். இருவரும் கற்றனர் என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு.