களவா மீன்: அதன் இயல்பும் இனவிருத்தியும்

மன்னார் வளைகுடாவின் பவளப் பார்களில் வாழும் பெரிய வேட்டை மீன்களில் களவா முக்கியமானது. முள் குறைந்து, சதை கெட்டியாயிருப்பதால் சந்தையில் இதற்கு நல்ல விலை உண்டு. ஆயினும் சாளை போன்ற மீன்களைப்போல் இது விரைவில் பெருகுவதன்று. அளவின்றிப் பிடித்தால் சில ஆண்டுகளிலேயே அருகிவிடும். இதற்குரிய காரணங்கள் இம்மீனின் வாழ்க்கை முறையிலேயே அமைந்துள்ளன. கடலோரக் கிராம உத்தியோகஸ்தர்களும், கழிமுகங்களை அடுத்து நிலம் உடையவர்களும் அவற்றை அறிந்திருத்தல் அவசியம்.

இனமும் உருவமும்

களவா என்பது ஒரே மீனின் பெயரன்று. பல இனங்கள் இப்பெயரால் வழங்குகின்றன. சில இனங்கள் ஒரு முழ நீளத்துக்கு மேல் வளர்வதில்லை. எல்லாவற்றிலும் பெரிதான இராட்சதக் களவா சுமார் 9 அடி நீளமும் 400 கிலோ எடையும் அடையக்கூடியது. உடல் தடித்தும், வாய் அகன்றும், கீழ்த்தாடை சற்று முன்நீண்டும் இருக்கும். இருக்கும் இடத்துக்கேற்ப நிறத்தைச் சில நொடிகளில் கறுக்கவோ வெளுக்கவோ செய்யும் ஆற்றலும் இதற்கு உண்டு.

ஆகாரமும் வேட்டையும்

களவா இரையை நெடுந்தூரம் துரத்துவதில்லை. பாறை இடுக்கில் அசைவற்றுக் காத்திருந்து, மீனோ நண்டோ சிங்கி இறாலோ அருகில் வந்ததும் வாயைத் திடீரெனத் திறக்கும். அப்போது உட்புகும் நீரோடு இரையும் இழுக்கப்பட்டுவிடும். பற்கள் உட்புறம் சாய்ந்திருப்பதால் அகப்பட்டது தப்புவது அரிது. இரையை மெல்லாமல் முழுமையாகவே விழுங்கும்.

செங்கடலில் வாழும் ஒருவகைக் களவாவைப் பற்றி 2006-ல் வெளியான ஆராய்ச்சி வியப்பளிப்பது. அம்மீன், பெரிய அஞ்சாலை மீனின் வளைக்குச் சென்று தலையை விரைவாக அசைக்கிறது. அஞ்சாலை வெளிவந்து அதனுடன் செல்கிறது. அஞ்சாலை இடுக்குகளில் நுழைந்து தேட, களவா வெளியே காத்து நிற்கிறது. முயல் வேட்டையில் ஒருவன் புதரைக் கலைக்க, மற்றவன் வெளியில் நிற்பதை இது ஒக்கும். இரை ஒளிந்த பொந்தின்மேல் களவா தலைகீழாக நின்று இடத்தைக் காட்டுவதும் 2013-ல் விவரிக்கப்பட்டது.

இனவிருத்தி

களவா இனங்களில் பெரும்பாலானவை முதலில் பெண்ணாக முதிர்ந்து முட்டையிடும். பின்னர், உடல் பெருத்தபின் அவற்றில் சில ஆணாக மாறும். ஆகவே பெரிய மீன்களையே தேர்ந்து பிடித்தால் ஆண் மீன்கள் அற்றுப்போகும். பொலிகாளைகளையெல்லாம் விற்றுவிட்டுப் பசுக்களை மட்டும் வைத்திருக்கும் கிராமத்தின் நிலை அது. சிறிய மீன்களையே பிடித்தாலோ, முட்டையிடுவதற்கும் பின்னர் ஆணாவதற்கும் மீன் இல்லாமற் போகும்.

மற்றொரு விசேஷம், சில இனங்கள் முட்டையிடுவதற்காக ஆண்டுதோறும் குறித்த இடத்தில், குறித்த பருவத்தில் பெருங்கூட்டமாகக் கூடுவதாகும். கரீபியக் கடலிலுள்ள நசாவ் களவா, குளிர்காலத்தில் பௌர்ணமியை ஒட்டி இவ்விதம் கூடுகிறது. இடமும் நாளும் தெரிந்துவிட்டால் ஒரு பிரதேசத்து மீன் அனைத்தையும் சில நாட்களிலே வாரிவிடலாம். அவ்வாறே அங்கே பல கூட்டங்கள் அழிந்தன.

லிட்டில் கேமன் என்னும் தீவின் மேற்கு முனையில் 2001-ல் சுமார் 7,000 மீன்கள் கொண்ட கூட்டம் ஒன்று கண்டறியப்பட்டது. இரண்டே பருவங்களில் அவற்றுள் ஏறக்குறைய 4,000 பிடிபட்டன. 2003-ல் அவ்வரசாங்கம் முட்டையிடும் பருவத்தில் அங்கு மீன்பிடிப்பதைத் தடுத்தது. எஞ்சிய மீன்கள் மும்மடங்குக்கு மேல் பெருகியதாக 2020-ல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. விதை நெல்லைக் காத்தவனுக்கே மறுபோகம் உண்டென்பது கடலுக்கும் பொருந்தும்.

குஞ்சுகளும் கழிமுகமும்

களவாவின் முட்டைகள் நீரில் மிதந்து பொரிக்கும். குஞ்சுகள் சில வாரங்கள் நீரோட்டத்தில் அலைந்தபின், பல இனங்களில் கடற்புல் வெளிகளையும் கழிமுகங்களையும் அலையாத்திக் காடுகளையும் அடைந்து வளர்கின்றன. வளர்ந்தபின்னரே ஆழமான பார்களுக்குச் செல்கின்றன. எனவே நிலம் உடையவர்களுக்கும் இம்மீனின் வாழ்வில் பங்குண்டு. அலையாத்தி மரங்களை விறகுக்கு வெட்டுவதும், பூச்சி மருந்து கலந்த வயல்நீரைக் கழிமுகத்தில் வடியவிடுவதும் இக்குஞ்சுகளுக்குக் கேடு விளைவிக்கும்.

பார்கள் அழிந்தால் களவாவுக்கு உறைவிடமில்லை. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் பல ஆண்டுகள் பவளக் கற்கள் வெட்டப்பட்டன. அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டும் நீரில் மூழ்கின. இத்தீவுகளும் சூழ்ந்த கடலும் 1986-ல் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. 2001-ல் பவளங்களும் இராட்சதக் களவாவும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன.

கவனிக்கத்தக்கவை

1. இராட்சதக் களவா வலையிலோ தூண்டிலிலோ அகப்பட்டால், உயிருடனேயே கடலில் விட்டுவிடும்படி மீனவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

2. களவாக்கள் முட்டையிடக் கூடும் இடம் தெரியவந்தால், அப்பருவம் முடியும்வரை அங்கு மீன்பிடியாதிருக்கக் கிராமத்தார் கூடி ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

3. முதிராத சிறு களவாக்களை வாங்குவதைத் தவிர்க்க வேண்டும்.

4. கழிமுகத்தை அடுத்த நிலங்களில் மருந்து தெளித்தபின், சில நாட்கள் வயல்நீரை வெளிவிடாமல் தேக்கிவைத்தல் நன்று.

5. அலையாத்தி மரங்கள் வெட்டப்படுவதையும் பவளக் கற்கள் எடுக்கப்படுவதையும் கண்டால், கிராம உத்தியோகஸ்தர்கள் தாமதமின்றி வன இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும்.