இமைப்பொழுதின் காவல்

நுழையும்முன்

மின்சாரம் நின்றால் வீட்டில் விசிறி ஓய்கிறது, விளக்கு அணைகிறது. மருத்துவமனையிலோ ஒருவருடைய மூச்சே ஒரு பொறியை நம்பியிருக்கலாம். நின்ற மின்சாரம் மாற்றுவழியில் வந்து சேரும்வரையுள்ள சிறு இடைவெளியைக் காக்கும் கருவியே தடையில்லா மின்வழங்கி. ‘யு.பி.எஸ்.’ என்று அனைவரும் அழைக்கும் அக்கருவி, சூழலுக்கேற்ப எவ்வாறு தன் செயலை மாற்றிக்கொள்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் விளையும் சமவெளி ஒருபுறம்; கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய கல்வராயன் மலை மறுபுறம். மலையூர்களுக்கான மின்கம்பிகள் காட்டினூடே நெடுந்தொலைவு ஏறிச் செல்கின்றன. காற்றில் முறிந்த ஒரு கிளை கம்பியின்மீது விழுந்தாலே பல சிற்றூர்கள் இருளில் மூழ்கும். பழுது எங்கே என்று மழையில் தேடிச் செல்லும் பணியாளரின் உழைப்பு எளிதன்று.

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. கடற்கரையே இல்லாத கள்ளக்குறிச்சி மாவட்டமும் அதன் பெருமழையால் பாதிக்கப்பட்டது. அறுந்த கம்பியால் உயிரிழப்பு நேராதிருக்க, இத்தகைய நாள்களில் மின்வாரியமே மின்வழங்கலை நிறுத்திவைப்பதும் உண்டு. ஆகவே, மின்தடை என்பது எப்போதும் குறைபாடன்று. சிலவேளை அதுவே பாதுகாப்பு. ஆனால், செயற்கைச் சுவாசக் கருவிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

எழுத்தொலியை அளக்கக் கண்ணிமைக்கும் பொழுதை அளவாகக் கொண்டது தொல்காப்பியம். மின்னியலுக்கு அவ்வளவு மிகப் பெரிது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடிகள். கணினியின் உள்ளே சேமிப்பில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ ஒரு சுற்று நேரத்திற்கே தாங்கும். ஒருமுறை இமைத்து முடிப்பதற்குள் கணினி அணைந்துவிடும்.

வீட்டு மேசையடியில் இருக்கும் எளிய யு.பி.எஸ். இந்தச் சிறு இடைவெளியைத்தான் குறிவைக்கிறது. இயல்பான சூழலில் அது வெளி மின்சாரத்தை அப்படியே கடத்திவிட்டு, மின்கலத்தை நிரப்பிக்கொண்டு காத்திருக்கும். மின்சாரம் நின்றவுடன் ஓர் இணைப்பு மாறி, மின்கலத்தின் நேர்த்திசை மின்னோட்டம் மாறுதிசை மின்னோட்டமாக்கப்பட்டுக் கருவிக்குச் செல்லும். இம்மாற்றத்திற்குப் பொதுவாக 4 முதல் 10 மில்லி நொடிகள் ஆகின்றன. கணினி அதை உணர்வதில்லை. வீட்டு விளக்குக்கும் விசிறிக்குமான இன்வெர்ட்டர் இதைவிடச் சற்று மெதுவாகவே மாறும். விளக்கு ஒருமுறை சிமிட்டுவதைக் கண்டு யாரும் வருந்துவதில்லை.

நீண்ட மின்பாதையின் கடைக்கோடியில் இருக்கும் ஊர்களின் சிக்கல் வேறு. அங்கே மின்சாரம் இருக்கும். 230 வோல்ட்டு இருக்காது. மாலையில் எல்லா வீடுகளும் விளக்கேற்றும்போது மின்னழுத்தம் தாழ்ந்துவிடும். எளிய யு.பி.எஸ். இதையும் மின்தடையாகவே கருதி மின்கலத்துக்கு மாறும். அதனால் உண்மையான மின்தடை வரும்போது மின்கலம் ஏற்கெனவே தீர்ந்திருக்கும். இத்தகைய இடங்களுக்கு, மின்கலத்தைத் தொடாமலேயே தாழ்ந்த அழுத்தத்தை உயர்த்தித் தரும் வகையே பொருத்தமானது. விலை சற்றுக் கூடுதல் என்று அதைத் தவிர்ப்பது சிக்கனமாகாது.

தீவிர சிகிச்சைப் பிரிவு போன்ற இடங்களில் பயன்படுவது மூன்றாம் வகை. இதில் உள்வரும் மாறுதிசை மின்னோட்டம் முழுவதும் முதலில் நேர்த்திசையாக்கப்படுகிறது. பின்னர் மீண்டும் மாறுதிசையாக்கப்பட்டுக் கருவிகளுக்குச் செல்கிறது. மின்கலம் இவ்விரண்டுக்கும் நடுவே இணைந்தே இருக்கிறது. வெளி மின்சாரம் நின்றாலும் இணைப்பு எதுவும் மாறவேண்டியதில்லை. ஆதலால் இடைவெளியும் இல்லை. ஊற்று நின்றாலும் தொட்டியிலிருந்து குழாயில் நீர் வருவதைப் போன்றது இது.

இவ்வகைக்கும் ஓர் எல்லை உண்டு. தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏறினால், அது சிறிது நேரம் பொறுத்திருந்து, பின் தன்னைக் காத்துக்கொள்ளப் புறவழிக்கு மாறும். அப்போது வெளி மின்சாரம் நேராகக் கருவிகளுக்குச் செல்லும். எல்லாம் இயங்குவதாகவே தோன்றும். உண்மையில் காவல் இல்லை. அந்நேரம் மின்தடை ஏற்பட்டால் கருவிகள் உடனே நின்றுவிடும். வெளி மின்சாரம் இல்லாதபோதே சுமை மிகுந்தாலோ, மாறுவதற்குப் புறவழியும் இல்லை. உயிர்காக்கும் கருவிக்கான இணைப்பில் தேநீர்க் கெண்டியைச் செருகக் கூடாது என்பதன் காரணம் இதுவே.

டீசல் மின்னாக்கி இருக்கும்போது யு.பி.எஸ். எதற்கு என்று கேட்கலாம். மின்னாக்கி இயங்கத் தொடங்கிச் சீரடையச் சில நொடிகள் தேவை, அந்நொடிகளை யு.பி.எஸ். தாங்குகிறது. மின்னாக்கியின் சுற்றுவேகம் நிலையாக இல்லையெனில், வந்த மின்சாரத்தை ஏற்க மறுத்து மின்கலத்திலேயே தொடர்வதும் உண்டு.

மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும்? 12 வோல்ட்டு, 150 ஆம்பியர் மணி கொண்ட மின்கலத்தில் 1,800 வாட் மணி ஆற்றல் இருக்கிறது. 300 வாட் சுமைக்கு ஆறு மணி நேரம் என்பது தாளில் வரும் கணக்கு. மாற்றத்தில் ஏற்படும் இழப்பைக் கழித்து, ஈய அமில மின்கலத்தைப் பாதிக்குமேல் வற்றவிடாமல் காத்தால், கிடைப்பது மூன்று மணிக்கும் குறைவே. சுமையை இருமடங்காக்கினால் நேரம் பாதியாகாது, பாதியினும் குறையும்.

வெப்பமும் ஒரு பகை. ஈய அமில மின்கலத்திற்கு உகந்தது ஏறத்தாழ 25 பாகை செல்சியசு. அதற்குமேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர் வழக்கு. கோடையில் காற்றோட்டமற்ற மாடிப்படி அடியில் வைக்கப்பட்ட மின்கலம் விரைவில் மூப்படையும். கல்வராயன் மலையின் குளிர்ச்சியில் அது நெடுநாள் வாழும். மிகுகுளிரில் மட்டும் தரும் ஆற்றல் சற்றுக் குறையும். மூப்படைந்த மின்கலம் தன் நோயை வெளிக்காட்டாது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். மின்சாரம் நின்ற கணத்தில்தான் உண்மை தெரியும். எனவே, மின்சாரம் இருக்கும்போதே அதனை நிறுத்திச் சோதித்தல் வேண்டும்.

தடையை வெல்ல மின்கலம் ஒன்றே வழியன்று. ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 பாகைக்குள் காக்கும் குளிர்பெட்டியின் உட்சுவரைச் சுற்றிப் பனிக்கட்டி உறைந்த அடுக்கு ஒன்று உள்ளது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே அது குளிர்ச்சியைக் காத்துவிடும். இங்கே சேமிக்கப்படுவது மின்சாரமன்று, குளிர்ச்சி. மூடியை அடிக்கடி திறவாதிருத்தல் ஒன்றே அது கேட்கும் பராமரிப்பில் முதன்மையானது. மழைநாளில் மலையூரில் மின்சாரம் நின்றபின்னும், மறுநாள் காலை ஒரு குழந்தைக்குப் போடவேண்டிய மருந்து அதனுள் கெடாமல் இருக்கும்.