அபர்வத் சரிவை அளப்பது எப்படி?

திருப்புட்குழி

அன்புள்ள மகிழினிக்கு,

காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்கு விளையாடும் அந்த அபர்வத் மலையை வீட்டிலிருந்தே அளக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் களமிறங்கிய ஆரிப் கானின் ஊர்ப்பக்கம் அது.

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளில் இரண்டு கேமராக்கள் இருந்தன. ஒன்று முன்பக்கம் சாய்ந்து பார்க்கும், மற்றது சற்றுப் பின்பக்கம். இரு படங்களிலும் ஒரே பாறை கொஞ்சம் இடம் மாறித் தெரியும். உயரம் கூடக் கூட அந்த விலகலும் கூடும். அதிலிருந்துதான் உயரத்தைக் கணக்கிட்டார்கள். இஸ்ரோவின் புவன் தளத்தில் இந்தத் தரவு இலவசம். க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருளில் திறந்துகொள், அதற்கும் காசு கிடையாது.

சேலையில் புட்டா போட நம் ஊரில் கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புவார்களே, இதுவும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டமும் தரையில் சுமார் 30 மீட்டர், அதற்குள் ஒரே ஓர் எண், அந்த இடத்தின் உயரம். அடுத்தடுத்த இரண்டு கட்டங்களுக்கு 18 மீட்டர் வித்தியாசம் என்றால் சரிவு ஏறக்குறைய 31 பாகை. 30 மீட்டர் வித்தியாசம் என்றால் 45 பாகை.

30 பாகை, 45 பாகை என்ற இரண்டு எண்களை நினைவில் வை. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30-க்கும் 45-க்கும் இடைப்பட்ட சாய்வில்தான் கிளம்புகின்றன. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். 2023 பிப்ரவரியில் அபர்வத்தில் போலந்துக்காரர்கள் இருவர் பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். ஆகவே மலை எத்தனை மீட்டர் என்பதைவிட, எந்த இடம் எவ்வளவு சாய்வு என்று பார்ப்பதே எனக்கு முதல் வேலை.

மென்பொருளில் 'ஸ்லோப்' கட்டளையைத் தட்டுமுன் ஒரு காரியம். தரவு அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் வரும். உயரமோ மீட்டரில். அப்படியே விட்டால் மலை முழுக்க 90 பாகையை ஒட்டியே காட்டும். முதலில், தூரத்தையும் மீட்டரில் அளக்கும் யூடிஎம் 43 வடக்கு மண்டலத்துக்கு மாற்று. பிறகு 30 முதல் 45 வரை சிவப்பு பூசு.

கேபிள் காரின் நடு நிலையமான கொங்டோரிக்குக் கீழே பைன் காடு. அங்கே செயற்கைக்கோள் பார்த்தது மரத்தின் உச்சியை, தரையை அல்ல. மேலே மரமில்லாத வெட்டவெளியில் எண்களை அதிகம் நம்பலாம். அங்கும் 30 மீட்டருக்குள் ஒளிந்திருக்கும் பாறை விளிம்பு தெரியாது. சுவிட்சர்லாந்தில் 1930 முதல் பந்தயம் நடக்கும் லாபர்ஹார்ன் பாதையை அரை மீட்டர் கட்டத்தில் பார்க்கலாம். 2021-இல் அந்நாட்டு நில அளவைத் துறை தரவை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 4.5 கிலோமீட்டர் நீளத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கும் அந்தப் பாதையில், ஹுண்ட்ஷோப் என்ற பாறைமுனையில் வீரர்கள் காற்றில் பறப்பார்கள். 30 மீட்டர் கட்டத்தில் அது மழுங்கிப்போகும். நமக்கும் அத்தனை நுணுக்கமான தரவு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அதே முறையில் நம் ஊரையும் திறந்து பார். பல மீட்டர் பிழை இருக்கக்கூடிய தரவு இது. ஆயிரம் மீட்டர் ஏறும் மலைக்கு அது பெரிதில்லை. ஏரிக்குத் தண்ணீர் வரும் நம் தட்டை நிலத்திலோ, பிழைதான் மேடுபள்ளமாகத் தெரியும்.

சிவப்பு பூசிய படத்தை அனுப்பு. கேபிள் கார் பாதையை அதன்மேல் வரைந்து, எந்தப் பக்கம் இறங்குவாய் என்றும் எழுது.

அன்புடன்,
மாமா