துயரச் சொற்களும் அவற்றின் காரணங்களும்



1923-இல் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளுள் ஒன்று அமைந்துள்ள மந்திர் மார்க்கில், தமிழோடு இந்தியையும் நாள்தோறும் கேட்டு வளரும் பிள்ளைகள், எல்லா வகைத் துன்பத்தையும் "துக்கம்" என்ற ஒரே சொல்லால் எழுதிவிட நேர்வது இயல்பே. இந்தியில் "துக்" என்பது தேர்வுத் தோல்வி முதல் சாவு வரை எதற்கும் பொருந்தும். அதே வடமொழி வேரிலிருந்து வந்த தமிழ்ச் சொல்லோ, "துக்க வீடு", "துக்கம் விசாரித்தல்" ஆகிய வழக்குகள் காட்டுவதுபோல, பெரும்பாலும் சாவோடு சேர்ந்துவிட்டது. ஆகவே மதிப்பெண் குறைந்த மாணவி "துக்கமாக இருக்கிறது" என்று எழுதினால், அவள் வீட்டில் யாரேனும் இறந்தனரோ என்று படிப்பவர் மயங்கக்கூடும். அவ்விடத்தில் "வருத்தம்" என்பதே பொருந்தும்.

துன்பத்தை அதன் காரணம் கொண்டு பகுத்தறியும் முறை தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதை "மெய்ப்பாடு" எனப் பெயரிட்டு எட்டாக வகுத்து, அவற்றுள் ஒன்றான அழுகை, இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறது. இளிவு என்பது பிறரால் இகழப்பட்டுத் தாழ்வது. இழவு என்பது உற்றாரையோ இன்பம் தருவனவற்றையோ இழப்பது. அசைவு என்பது, உரையாசிரியர் பேராசிரியர் கருத்துப்படி, முன்னைய நிலை கெட்டு வேறாகி வருந்துவது. வறுமை என்பது விரும்பியதைத் துய்க்க இயலாமை. தந்தையின் பணிமாற்றத்தால் மதுரையை விட்டுத் தில்லிக்கு வந்த சிறுமி, பழகிய தெருவும் தோழியரும் இல்லாமற் போனதற்காக அழுதால் அதற்குக் காரணம் அசைவு. அவளுடைய இந்தி உச்சரிப்பைக் கேட்டுப் பிறர் சிரித்ததால் அழுதால் இளிவு. பாட்டியின் மறைவுக்காக அழுதால் இழவு. கண்ணீர் ஒன்றாயினும், முதலாவதற்குக் காலமும் புதிய நட்பும், இரண்டாவதற்கு இழந்த மதிப்பை மீட்டுத் தருதலும், மூன்றாவதற்கு உடனிருத்தலும் ஆறுதலாகும். இந்நாளில் "இழவு" சாவுக்கும் வசைக்கும் உரிய சொல்லாகச் சுருங்கிவிட்டதால், அதன் பழைய விரிந்த பொருளை "இழப்பு" என்று எழுதுவதே தகும்.

இன்றைய உரைநடையில் மிகுதியாக வழங்கும் சொற்களையும் இவ்வாறே பிரித்தறியலாம். "வருத்தம்" உடல் நோவையும் முயற்சியின் களைப்பையும் குறித்த சொல். "வருந்தி அழைத்தல்" என்ற தொடரில் அம்முயற்சிப் பொருள் இன்றும் உள்ளது, இலங்கைத் தமிழிலோ வருத்தம் என்பது நோயையே குறிக்கும். "கவலை" என்பது சங்க இலக்கியத்தில் கிளைத்துப் பிரியும் வழிக்கும் பெயர். இன்று அது, வரவிருப்பதை எண்ணி மனம் பலவாறு பிரிந்து அலைவதைக் குறிப்பதால், முடிந்துபோனதற்காக ஒருவர் "கவலைப்பட்டார்" என்பதைவிட "வருந்தினார்" என்பதே செம்மையாகும். "ஏக்கம்" கிடைக்காததை நாடும் நெஞ்சின் நோவு. "ஏமாற்றம்" கிடைக்கும் என நம்பியது கிடைக்காதபோது எழுவது. நம்பிக்கை சிறிதும் இல்லாதவரும் ஏங்கலாம், ஆனால் நம்பாதவர் ஏமாற இயலாது.

"இரங்கு" என்னும் வினையிலிருந்து பிறந்த சொற்களிடையே வேறுபாடு இன்னும் நுட்பமானது. இரங்கல் நெய்தல் திணையின் உரிப்பொருள், அதாவது அத்திணைப் பாடல்களுக்கு உரிய உணர்வு. இன்று அது இறந்தவர் பொருட்டுத் தெரிவிக்கப்படுவது. இரக்கம் பிறர் துன்பம் கண்டு நெகிழ்வது. கழிவிரக்கம் கழிந்துபோன செயலை எண்ணி நோவது. தன்னைத் தானே எண்ணிப் பரிதாபம் கொள்வதையும் சிலர் "கழிவிரக்கம்" என எழுதுகின்றனர். அதற்கு உரிய சொல் "தன்னிரக்கம்". புலம்புதல் இன்று வாய்விட்டு அரற்றுவதைக் குறித்தாலும், தொல்காப்பிய உரியியல் "புலம்பு" என்பதற்குத் தனிமை என்றே பொருள் கூறுகிறது. ஆதலால் பழம்பாடல்களில் ஒருவர் வாய் திறவாமலே புலம்பு உற்றிருக்கக்கூடும் என்பதை நினைவில் கொண்டு படித்தல் வேண்டும்.

இச்சொற்களிலிருந்து வேறாக வைத்து எண்ணத்தக்கது "மனச்சோர்வு". நாளின் பெரும்பகுதியும் ஏறக்குறைய எல்லா நாளும் உள்ளம் தாழ்ந்தோ, எதிலும் நாட்டமின்றியோ, இரண்டு வாரங்களேனும் நீடித்து, உறக்கமும் உணவும் கெடும் நிலையை மருத்துவம் ஒரு நோயாகக் கருதுகிறது. செய்தித்தாள்கள் சில வேளை இதனை "மன அழுத்தம்" என்று எழுதினும், வேலைச் சுமையாலோ தேர்வு நெருக்கடியாலோ உண்டாகும் அழுத்தம் வேறு, இந்நோய் வேறு. மற்றத் துயரங்களுக்குக் காரணம் சுட்டலாம். இதுவோ வெளிப்படையான காரணம் இன்றியும் வரும் என்பதால், "உனக்கு என்ன குறை" என்று கேட்பது இங்கே பயன்படாது. மருத்துவரின் துணையே வேண்டும். நடுவண் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 அதற்கு ஒரு வழி.

ஆதலால், ஒரு துயரத்தை எழுதும் முன், இழந்தது என்ன, அது நடந்து முடிந்ததா நடக்கவிருப்பதா, நோவது தனக்காகவா பிறர்க்காகவா என்னும் மூன்று வினாக்களை எழுப்பி, விடைக்கு ஏற்ற சொல்லைத் தேர்வது நல்ல பழக்கம். அருகில் அமர்ந்திருக்கும் தோழி அழும்போதும் இவ்வினாக்களே உதவும். அவளது துயரம் இன்னது என்று தெளிந்த பின்னரே, அதற்கு உரிய ஆறுதலைச் சொல்ல இயலும்.