முதல் வார்டுக்கு முன்னால் மூன்று ஊசி

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து வீட்டில் கலந்தாய்வு, கட்டணம், விடுதி, சீருடை என்றே பேச்சு ஓடும். பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., லேப் டெக்னீஷியன், ரேடியாலஜி, டயாலிசிஸ் என எதில் சேர்ந்தாலும் சான்றிதழ்க் கோப்பில் ஒரு தாள் மட்டும் கடைசி நாள்வரை யார் கண்ணிலும் படாது. அது உடல் தகுதிச் சான்றிதழ். தெருமுனை கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, ஐந்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கி வந்து செருகிவிடுகிறோம். கல்லூரி அலுவலகத்துக்கு அது போதும். உங்கள் உடம்புக்குப் போதாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வார்டுக்குப் போகுமுன் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை. முதல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. அதற்கும் ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான், எதிர்ப்பு சக்தி வந்துவிட்டதா என்று ரத்தத்தில் பார்க்க முடியும். ஆக, ஏழெட்டு மாதம். நர்சிங்கிலோ முதல் ஆண்டிலேயே வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மே மாதம் முதல் ஊசி போட்டால் மூன்றாவது நவம்பரில் முடியும். ‘கல்லூரியில் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டால், முழுப் பாதுகாப்பு வருமுன்பே கையில் சிரிஞ்சு வந்துவிடும். நாள் நெருங்கிவிட்டதென்றால் மருத்துவரிடம் விரைவு அட்டவணை கேளுங்கள். 0, 1, 2 மாதங்களில் மூன்று ஊசி, 12ஆம் மாதத்தில் நான்காவது என்று போடும் முறையும் உண்டு.

இந்த ஒரு ஊசியை மட்டும் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தொற்றுள்ள ஒருவரின் ரத்தம் பட்ட ஊசி நம்மைக் குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்று. ஹெபடைடிஸ் பி அப்படியில்லை. தடுப்பூசி போடாதவருக்கு அது நூற்றுக்கு முப்பது வரைகூடப் போகும். எல்லாரும் பயப்படுவது முதலாவதற்கு. தடுப்பூசியால் தடுக்க முடிவது இரண்டாவதை.

‘குழந்தையிலேயே போட்டாச்சு’ என்று அம்மா சொல்லலாம். தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துப் பாருங்கள். அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி நாடு முழுக்க வந்தது 2011இல்தான். இன்று கல்லூரிக்குப் போகிறவர்களில் பலர் அதற்கு முன்பே பிறந்தவர்கள். போட்டிருந்தாலும் எதிர்ப்பு சக்தியின் அளவு, அதாவது ‘டைட்டர்’, வருடங்கள் போகப் போகக் குறையும். அது 10க்கு மேல் இருந்தால் நிம்மதி. குறைந்திருந்தால் ஒரு ஊசி கூடுதலாகப் போட்டு மறுபடி பார்ப்பார்கள். மூன்று தவணையும் முழுதாகப் போட்டும் எதிர்ப்பு சக்தி வராதவர்கள் சிலர் உண்டு. தான் அந்தச் சிலரில் ஒருவர் என்பதை வார்டுக்குப் போகுமுன் தெரிந்துகொள்வது மிக முக்கியம். ஊசி குத்திவிட்டால் அவர்களுக்குத் தனியாக இம்யூனோகுளோபுலின் போட வேண்டியிருக்கும், அதுவும் கூடியமட்டும் 24 மணி நேரத்துக்குள்.

அடுத்தது அம்மை. சின்ன வயதில் உங்களுக்கு அம்மை போட்டதா என்று பாட்டியிடம் கேளுங்கள். போடவில்லை என்றால் சின்னம்மைத் தடுப்பூசி இரண்டு தவணை வேண்டும். அரசு அட்டவணையில் அது இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். இருந்தாலும் போடுங்கள். பெரியவர்களுக்கு அம்மை வந்தால் கடுமையாகவே வரும். அதைவிடப் பெரிய கவலை, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே நீங்கள் பிரசவ வார்டிலும் பச்சிளம் குழந்தைகளிடமும் அதைக் கொண்டு சேர்த்துவிடக்கூடும் என்பது. தட்டம்மை, ருபெல்லாவுக்கான எம்.எம்.ஆர். இரண்டு தவணை போட்ட ஆதாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பள்ளியில் 16 வயதில் டி.டி. ஊசி போட்டிருந்தால் அந்தத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காசநோயைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் நர்சிங் மாணவர்களிடையே ஆய்வு நடத்தி 2011இல் வெளியிட்டார்கள். ஓராண்டில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பேரைக் காசநோய்க் கிருமி புதிதாகத் தொற்றுகிறது என்பது அதில் தெரிந்தது. தொற்றிய எல்லாருக்கும் நோய் வராது. ஆனால் சேரும்போதே மார்பு எக்ஸ்ரேயும் மாண்டோ சோதனையும் எடுத்து வைத்திருந்தால்தான், பிறகு வரும் மாற்றம் புதிதா பழையதா என்று சொல்ல முடியும். மாண்டோவுக்கு ஊசி போட்டுவிட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் கையைக் காட்டப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டு ஞாயிறு கிளினிக் மூடிக் கிடக்க நிற்காதீர்கள். எம்.எம்.ஆர். போட வேண்டியிருந்தால் மாண்டோவை முதலிலோ அதே நாளிலோ முடித்துவிடுங்கள். எம்.எம்.ஆர். முந்திவிட்டால் நாலு வாரம் காத்திருக்க வேண்டும், இடையில் எடுத்தால் முடிவு தவறாக வரலாம்.

ஊசி குத்தும் அந்த நொடி

மாணவர்களுக்கு ஊசி குத்துவது பெரும்பாலும் நோயாளிக்குப் போடும்போது இல்லை, போட்டு முடித்த பிறகு. வலது கையில் சிரிஞ்சு, இடது கையில் மூடி. பக்கத்துக் கட்டிலிலிருந்து யாரோ ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுகிறார்கள். கண் அங்கே போகிறது, கை இங்கே மூடியைத் தேடுகிறது. ஊசி நுனி மூடியின் விளிம்பில் வழுக்கி இடது ஆள்காட்டி விரலில் இறங்குகிறது. இதைத் தவிர்க்க ஒரே வழி, பயன்படுத்திய ஊசிக்கு மூடியே போடாமல் இருப்பது. மூடியைத் தேடாதீர்கள், நேராக நீடில் கட்டருக்குப் போங்கள். வெட்டிய ஊசி, வெள்ளை நிறத் துளைபடாத டப்பாவுக்கு. ஊசி நீக்கிய சிரிஞ்சும் டிரிப் டியூபும் சிவப்புக்கு, ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சளுக்கு, கண்ணாடிக் குப்பி நீலத்துக்கு.

குத்திவிட்டால்? உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். விரலைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட்டோ பிளீச்சிங்கோ ஊற்றாதீர்கள். கண்ணில் தெறித்திருந்தால் வெறும் தண்ணீரால் அலசுங்கள். அடுத்த நிமிடமே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு கேஷுவாலிட்டிக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று முடிவானால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அன்றே உங்கள் ரத்தத்தையும் எடுத்து வைப்பார்கள். நாளைக்கு ஏதாவது வந்தால், அது வேலையில் வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

திட்டு விழும் என்று பயந்து விரலைச் சுற்றிப் பஞ்சை வைத்து மறைத்துக்கொள்ளும் மாணவிகள் உண்டு. கண்ணுகளா, திட்டு ஒரு நாளில் போய்விடும். கைவிட்டுப் போன அந்த இரண்டு மணி நேரம் திரும்ப வராது.

சேரும் நாளில் கேட்க வேண்டியவை

2016ஆம் ஆண்டு உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் பணியாளர்களுக்கு ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி, ஆண்டுக்கு ஒருமுறை உடல் பரிசோதனை, பயிற்சி ஆகியவற்றை மருத்துவமனையின் கடமையாகவே வைத்திருக்கின்றன. ஆகவே தயங்காமல் கேளுங்கள்: தடுப்பூசிச் செலவு யாருடையது? ஊசி குத்தினால் யாரை அழைப்பது, இரவிலும் மருந்து கிடைக்குமா? காசநோய் வார்டில் மாணவர்களுக்கு என்95 முகக்கவசம் உண்டா? பதில் சொல்லத் திணறும் கல்லூரியில் பணம் கட்டுமுன் ஒருமுறை யோசியுங்கள். ரேடியாலஜி மாணவர்கள், கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் தங்கள் பெயருக்கே வருமா என்று கேட்க வேண்டும். அதை ஈய ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் அணிய வேண்டும். எங்காவது மாட்டிவிட்டு வருவதற்கு அது அடையாள அட்டை இல்லை. 18 வயது நிரம்பாத மாணவர்களுக்குக் கதிர்வீச்சு வரம்பு பெரியவர்களைவிடக் குறைவு என்பதும் நினைவிருக்கட்டும்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. மோதிரம், வளையல், நீள நகம் வார்டில் வேண்டாம். முன்புறம் மூடிய ஷூ வேண்டும், செருப்பில் விழுந்த ஊசி நேராகக் கால்விரலில்தான் இறங்கும். கையுறை போட்டால் அரிக்கிறதா, தடிக்கிறதா? லேட்டக்ஸ் ஒவ்வாமையாக இருக்கலாம், நைட்ரைல் கையுறை கேட்டு வாங்குங்கள். வார்டு உடுப்போடு பேருந்தில் ஏறி வீட்டுக்குப் போய்ப் பாட்டி மடியில் உட்காராதீர்கள். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு டியூட்டிக்குப் போகாதீர்கள். ஆபரேஷன் தியேட்டரில் மயங்கி விழுகிற மாணவர்களில் பலர் வெறும் வயிற்றோடு நின்றவர்கள். மனசு கனத்தால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சீருடைத் துணி எடுக்கக் கடைக்குப் போகும் அதே நாளில், பிள்ளையை அழைத்துக்கொண்டு மருத்துவரிடமும் போய் முதல் ஊசியைப் போட்டுவிட்டு வாருங்கள். அட்டையில் அடுத்த இரண்டு தேதிகளையும் எழுதி வாங்கி, வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.