வலி முற்றும்வரை காத்திருக்கச் சொல்லும் நம்பிக்கைகள்

இலங்கையின் ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மாதவிடாய் வலி பற்றிப் பேச்செடுத்தால் மூன்று வாக்கியங்கள் தவறாமல் வந்து விழும். "பொம்பளைன்னா தாங்கித்தான் ஆகணும்." "கல்யாணம் கட்டி ஒரு புள்ள பொறந்தா சரியாப் போயிரும்." "மாத்திர போட்டுப் பழகுனா கர்ப்பப்பை கெட்டுரும். முடியவே முடியாட்டி மட்டும் போடு." மூன்றும் வேறு வேறாகத் தோன்றினாலும் பெண்ணை ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துகின்றன: வலி உச்சத்துக்கு ஏறும்வரை பொறுத்திரு, பிறகு பார்க்கலாம். மருந்தைப் பற்றி மருத்துவம் அறிந்திருப்பது இதற்கு நேர்மாறானது.

மாதவிடாய் தொடங்கும்போது கருப்பையின் உட்சவ்வு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்குகிறது. தசை இறுகும்போது அங்கே இரத்த ஓட்டம் குறைகிறது. அடிவயிற்றில் முறுக்கிப் பிடித்து இடுப்புக்கும் தொடைக்கும் இறங்கும் வலி இதுதான். சிலருக்குக் கூடவே வரும் குமட்டலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் காரணம் இதே பொருள். ஆஸ்பிரின் வகை மருந்துகள் இதன் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இபுபுரூஃபனும் மெஃபனமிக் அசிட்டும் அதே வேலையைத்தான் செய்கின்றன. உற்பத்தியைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே சுரந்து முடிந்ததை அவை அழிக்காது. ஆகவே இரத்தப்போக்கு தொடங்கியவுடனோ வலியின் முதல் அறிகுறியிலோ, சாப்பிட்ட பிறகு, சொன்ன மணிக்கணக்கில், இரண்டு மூன்று நாள் எடுத்தால்தான் முழுப் பலன் கிடைக்கும். தோட்டத்தில் நடப்பது வேறு. காலையில் வலியோடு பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போய், அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) ஆகிவிடுமோ என்ற பயத்தில் மத்தியான நிறுவைவரை கொழுந்து பறித்துவிட்டு, வெறும் பிளேன்டீயோடு இரண்டு பனடோலை விழுங்குகிறார்கள். பனடோலில் உள்ள பரசிட்டமோல் இந்த வலிக்குச் சற்றுப் பலம் குறைந்த மருந்து. அதையும் காலம் தாழ்த்தி எடுத்தாயிற்று. கடைசியில் "மாத்திரை எனக்குக் கேட்காது" என்ற முடிவு மிஞ்சுகிறது. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயமான இடத்தில் ஒரு பேர் போவது சின்ன இழப்பல்ல. அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காலையிலேயே போட்ட மாத்திரைதான் அந்தப் பேரைக் காப்பாற்றக்கூடியது.

கர்ப்பப்பை கெடும் என்ற அச்சத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இபுபுரூஃபன் வகை மருந்தைத் தொடர்ந்து எடுத்தால் அந்த மாதம் முட்டை வெளிவருவது தடைபடலாம். நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும். மாதவிடாயின் முதல் சில நாட்களில் மட்டும் எடுப்பதால் பிள்ளைப்பேறு நின்றுபோகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உண்மையான ஆபத்துகள் வேறிடத்தில் இருக்கின்றன. வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்பிரினால் கிளம்பும் ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுபவர்களும் வைத்தியரைக் கேட்காமல் இவற்றைத் தொடக்கூடாது. டெங்குவாக இருக்கக்கூடிய காய்ச்சல் அடிக்கும்போது இவை அறவே வேண்டாம். இவர்களுக்குப் பனடோல்தான் சரி. பிள்ளை பிறந்தால் வலி தீரும் என்பது சிலருக்குப் பலிக்கிறது, பலருக்குப் பலிப்பதில்லை. வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகும் வலிக்குப் பின்னால் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம். இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு அது உண்டென்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதற்குக் கல்யாணம் மருந்தல்ல.

வீட்டு வைத்தியத்தில் வெந்நீர் ஒத்தடத்துக்கு நல்ல சான்று இருக்கிறது. 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அடிவயிற்றில் சுமார் 39 பாகைச் சூட்டில் வைத்த பட்டை, நாளுக்கு மூன்று வேளை 400 மில்லிகிராம் இபுபுரூஃபனுக்கு ஈடாக வலியைக் குறைத்தது. துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தல் லயத்து வீட்டிலும் சாத்தியம். இஞ்சிக்குச் சிறிய ஆய்வுகளின் ஆதரவு உண்டு. கொத்தமல்லித் தண்ணீர் இதமானது, அவ்வளவுதான். அந்த நாட்களில் குளிக்கக்கூடாது என்பது வீண் பயம். வெந்நீர்க் குளியல் இதம்தான் தரும். பிளேன்டீயைச் சாப்பாட்டோடு குடிப்பது மட்டும் நல்லதல்ல. உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுப்பதைத் தேநீர் குறைக்கிறது. அதிகம் இரத்தம் போகும் பெண்ணை அது மேலும் வெளிறச் செய்யும்.

ஒற்றைத் தலைவலிக்கு வந்தால் கணக்கே மாறுகிறது. பித்தம் தலைக்கேறியது, ஈரத்தலையோடு இருந்தது என்று காரணம் சொல்வார்கள். மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள்வரை வரும் ஒற்றைத் தலைவலிக்கு முக்கியக் காரணம் ஈஸ்ட்ரஜன் அளவு சட்டென்று இறங்குவது. வெறும் வயிறும் தண்ணீர் குடிக்காமையும் அதைக் கிளப்பும். மலையில் கழிப்பறை இல்லாததால் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைக்கும் பெண்கள் இதை யோசிக்க வேண்டும். கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில் மணிக்கணக்காக அழுந்துகிறது. வெளியிலிருந்து தலையை அழுத்துவதால் வரும் தலைவலிக்குச் சர்வதேச வகைப்பாட்டில் தனி இடமே உண்டு. கயிற்றுக்கடியில் தடித்த துணியை மடித்து வைப்பதும், இடையிடையே கூடையை இறக்குவதும் செலவில்லாத வைத்தியம். மாத்திரையை இங்கும் சீக்கிரம் போட வேண்டும். ஆனால் நாட்களை எண்ணியாக வேண்டும். மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ பனடோல் விழுங்கும் பழக்கம் மூன்று மாதம் தாண்டினால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரத் தொடங்கலாம். பல மருந்து கலந்த மாத்திரைகளுக்குப் பத்து நாளே எல்லை. வலிக்குமுன் கண்ணில் மின்னல் கோடு தெரிபவர்கள் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை கேட்கும்போது அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரஜன் கலந்த வகை அவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

இத்தனையையும் பாமசியில் கேட்க முடியுமா என்ற தயக்கம் நியாயமானது. கவுண்டரில் ஆண் நிற்பார், பின்னால் வரிசை நிற்கும், மருந்துப் பெட்டியில் தமிழ் இருக்காது. ஆனாலும் பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவர் இருந்தே பாமசி நடக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். அவரைக் கூப்பிடச் சொல்லும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. வலி என்றைக்குத் தொடங்கியது, வேறென்ன வருத்தம், வேறென்ன மருந்து, கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா என்று அவரிடம் சொன்னால் போதும். எத்தனை மணிக்கொரு தடவை, எத்தனை நாள் என்பதைக் கடதாசியில் எழுதித் தரச் சொல்லலாம். இரண்டு மூன்று மாதம் இப்படிச் சரியாக எடுத்தும் அடங்காத வலி, மணிக்கொரு துணி நனையும் இரத்தப்போக்கு, மாதவிடாய் இல்லாத நாளிலும் வரும் அடிவயிற்று வலி ஆகியவற்றை டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா ஆஸ்பத்திரியிலோ காட்ட வேண்டும். இதுவரை அறியாத கடுமையுடன் திடீரென வெடிக்கும் தலைவலியோ, கைகால் மரத்துப் பேச்சுக் குழறும் தலைவலியோ வந்தால் பாமசிக்குப் போய் நேரத்தைப் போக்காமல், அந்த நிமிடமே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.